சித்திரையில் வராத தூக்கம்... மார்கழியில் விடாத தூக்கம்!

பொழுது சாய்ந்ததும் புளியமரம் இலைகளை மூடிக்கொள்கிறது. வேலியோரத்து அகத்தியும் சுபாபுலும் அப்படியே. சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரத்துக்குப் பெயரே அதுதான். தொழுவத்து மாடுகளும் அசைபோட்டபடி கண்ணை மூடிவிட்டன. ஆனால், மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் விவசாயி மட்டும் புரண்டு புரண்டு படுக்கிறார். அக்னி நட்சத்திர காலம். இரவு மணி 12 ஆகியும் தளத்தின் சூடு பாயைத் தாண்டி முதுகில் ஏறுகிறது. 4 மணிக்கு எழுந்து பால் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றியாக வேண்டும். கணக்குப் பார்த்தால் மிஞ்சுவது 4 மணி நேரத் தூக்கம்கூட இல்லை.

அதே ஆளை மார்கழியில் பார்த்தால் கதை வேறு. சேவல் கூவிய பிறகும் போர்வையை விட்டு வெளியே வர மனம் வராது. வீட்டில் இருப்பவர்கள் இரண்டு முறை குரல் கொடுக்க வேண்டியிருக்கும்.

சோம்பலோ, வயதோ மட்டும் இதற்குக் காரணம் அல்ல. பயிருக்குப் பட்டம் இருப்பதைப்போல தூக்கத்துக்கும் பட்டம் உண்டு. அதைப் புரிந்துகொண்டால், தூக்கமில்லாத இரவுகளில் பாதியை மருந்தில்லாமலே சரிசெய்துவிடலாம்.

உடம்புக்குள் ஓடும் கடிகாரம்

1729-ம் ஆண்டு, பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த டி மெரான் என்ற வானியல் அறிஞர், தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை வெளிச்சமே புகாத இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாவிட்டாலும் அந்தச் செடி பகலில் இலையை விரித்தது, இரவில் மூடியது. நேரத்தைக் கணக்கிடும் ஏதோ ஒன்று செடிக்குள்ளேயே இருக்கிறது என்பது அப்போது தெரியவந்தது. அந்தக் கடிகாரம் உயிரணுக்களுக்குள் எப்படி இயங்குகிறது என்பதைக் கண்டுபிடித்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கு 2017-ம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

விவசாயிக்கு இது புதிய செய்தி இல்லை. பழைய நீண்டகாலச் சம்பா ரகங்களில் பலவும் பகல் பொழுது குறுகுவதைப் பார்த்துத்தான் கதிர் தள்ளும். பட்டம் தவறி விதைத்தால் பயிர் வளரும். ஆனால் பூக்க வேண்டிய நேரத்தில் பூக்காது. மனித உடம்பும் அப்படித்தான். காலை வெளிச்சம் கண்ணில் பட்டதும் கடிகாரம் நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. இருட்டியதும் மெலடோனின் என்ற சுரப்பு கூடி, தூக்கத்துக்கு ஆயத்தம் செய்கிறது.

வெளிச்சத்தைவிட வெப்பமே பெரிது

லண்டனில் கோடையில் பகல் பொழுது 16½ மணி நேரம். குளிர்காலத்தில் 8 மணி நேரத்துக்கும் குறைவு. அங்கே பருவம் மாறும்போது தூக்கம் கெடுவதற்கு வெளிச்சம் பெரிய காரணம். தமிழ்நாட்டில் நிலைமை வேறு. திருச்சியை எடுத்துக்கொண்டால், ஜூன் மாதத்தின் நீண்ட பகல் சுமார் 12¾ மணி நேரம். டிசம்பர் மாதத்தின் குறுகிய பகல் சுமார் 11½ மணி நேரம். வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். ஆகவே, நம் ஊரில் தூக்கத்தை அதிகம் ஆட்டிவைப்பவை வெப்பமும், புழுக்கமும், பருவத்துக்கு ஏற்ப மாறும் வேலையும்தான்.

தூக்கம் வருவதற்கு உடம்பின் உள்வெப்பம் சற்றுக் குறைய வேண்டும். மாலையில் தொடங்கி விடியற்காலை 4, 5 மணி வரை அது ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் இறங்குகிறது. கை, கால்களின் தோல் வழியாக அந்தச் சூடு வெளியேறுகிறது. சுற்றியுள்ள காற்றே சூடாக இருந்தால் சூடு போக வழியில்லை. காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் வியர்வை ஆவியாகாது. அதனால்தான் கடலோரப் புழுக்கம், உள்மாவட்டத்து வறண்ட வெயிலைவிடத் தூக்கத்தை அதிகம் கெடுக்கிறது.

2015-ம் ஆண்டு ஜெரோம் சீகல் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு, மின்சாரம் இல்லாமல் வாழும் மூன்று இன மக்களின் தூக்கத்தை அளந்து வெளியிட்டது. தான்சானியாவின் ஹட்சா, நமீபியாவின் சான், பொலிவியாவின் சிமானே ஆகியோர் அவர்கள். இவர்களில் சிமானே மக்கள் காட்டைத் திருத்திப் பயிர் செய்பவர்கள். யாரும் பொழுது சாய்ந்ததும் படுக்கவில்லை; சராசரியாக 3 மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் தூங்கினார்கள். இரவுக் குளிர் இறங்க இறங்கத் தூக்கம் நீடித்தது. சான், சிமானே மக்கள் கோடையைவிடக் குளிர்காலத்தில் ஏறக்குறைய 1 மணி நேரம் அதிகம் தூங்கினார்கள். இந்த இரண்டு இனத்தாரின் மொழியிலும் 'தூக்கமின்மை' என்பதற்கு ஒரு சொல்லே இல்லை!

சித்திரை, வைகாசி: சூடு வெளியேற வழி விடுங்கள்

68 நாடுகளில் 47,000-க்கும் மேற்பட்டோர் கையில் கட்டிய கருவிகளின் பதிவுகளை வைத்து 2022-ம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியானது. இரவு வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது ஆளுக்குச் சராசரியாக 14 நிமிடத் தூக்கம் குறைந்தது. முதியவர்களுக்குப் பாதிப்பு இரண்டு மடங்கு. ஆண்களைவிடப் பெண்களுக்கும், பணக்கார நாடுகளைவிட ஏழை நாடுகளில் இருப்பவர்களுக்கும் பாதிப்பு அதிகம். 14 நிமிடம் சிறிதாகத் தெரியலாம். ஆனால், இது சராசரிதான். தளம் போட்ட ஒற்றை அறையில் நான்கு பேர் படுக்கும் வீட்டில் இழப்பு இன்னும் கூடும்.

கான்கிரீட் தளம் பகல் முழுவதும் குடித்த வெயிலை இரவில் அறைக்குள் கக்குகிறது. கீற்றுக் கூரை அப்படிச் சூட்டைச் சேர்த்துவைப்பதில்லை. தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் பகலில் கொதிக்கும். இரவில் சீக்கிரம் ஆறும். எனவே, தள வீட்டுக்காரர்கள் முன்னிரவில் திண்ணையிலோ, வாசலிலோ படுப்பது நல்லது. பங்குனி முடிவதற்குள் மாடித் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு பூசினால் அறையின் சூடு கண்கூடாகக் குறையும். பகலில் மேற்கு ஜன்னலைச் சாக்கோ, தட்டியோ கட்டி மறைத்து, பொழுது சாய்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும்.

உள்மாவட்டங்களில் ஜன்னலில் ஈரத்துணி அல்லது வெட்டிவேர் தட்டி தொங்கவிட்டால் குளிர்ச்சி கிடைக்கும். கடலோரத்தில் அது புழுக்கத்தைத்தான் கூட்டும். அங்கே மின்விசிறிக் காற்று நேராக உடம்பில் படும்படி படுப்பதே பலன் தரும். படுப்பதற்கு 1 அல்லது 2 மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளித்தால், தோலுக்கு ரத்த ஓட்டம் கூடி உள்சூடு வெளியேறும். தண்ணீரைப் பகலிலேயே நிறையக் குடித்துவிட வேண்டும். படுக்கும் நேரத்தில் ஒரு சொம்பு குடித்தால் நள்ளிரவில் எழுந்திருக்க வேண்டிவரும்.

ஆனி முதல் புரட்டாசி வரை: வேலை பறிக்கும் தூக்கம்

வெயில் தணியத் தொடங்கும்போது வேலை ஏறிக்கொள்கிறது. ஜூன் 12-ம் தேதி மேட்டூர் அணை திறக்கும் வழக்கத்தை ஒட்டி டெல்டாவில் குறுவைப் பணிகள் தொடங்குகின்றன. மானாவாரிப் பகுதிகளில் ஆடிப்பட்ட விதைப்பு. கிணற்றுப் பாசனத்தில் மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வரும் முறை என்றால் அந்த நேரத்தில் மோட்டார் போட ஓட வேண்டும். மலையடிவாரங்களில் நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும் காட்டுப்பன்றியிடமிருந்து காக்கப் பரண்மேல் விழித்திருக்க வேண்டும். குறுவை அறுவடையானதும், மழை மேகத்தைப் பார்த்துக்கொண்டே நெல் குவியலுக்குக் காவல் இருக்க வேண்டும்.

இங்கே கெடுவது தூக்கம் வரும் தன்மை அல்ல; தூங்குவதற்கான நேரம். ஆகவே தீர்வும் வேறு. அண்ணன் தம்பிகளோ, பக்கத்துக் காட்டுக்காரர்களோ சேர்ந்து, ஆளுக்கு இரண்டு நாள் என்று காவல் முறை வைத்துக்கொள்ளலாம். அலைபேசி மூலம் மோட்டாரை இயக்கும் கருவி, சூரியசக்தி பம்ப்செட் ஆகியவை இரவு நடையைக் குறைக்கும். மானிய விவரங்களை வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை: கொசுவலை இரண்டு உயிரைக் காக்கும்

தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைத் தருவது வடகிழக்குப் பருவமழை. மழை இரவில் குளிர்ச்சி உண்டு. ஆனால் நிம்மதி குறைவு. கொசு, ஒழுகும் கூரை, ஈரப் பாய், பிள்ளைகளின் இருமல் எல்லாம் சேர்ந்து தூக்கத்தைத் துண்டாக்கும். மூட்டமான நாள்களில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தால், கண்ணுக்கு வெளிச்சம் போதாமல் உடம்புக் கடிகாரமும் பின்தங்கும். மேகம் கவிந்த நாளிலும் வீட்டு விளக்கைவிட வெளியில் பல மடங்கு வெளிச்சம் இருக்கிறது. மழை விட்ட இடைவெளியில் அரை மணி நேரம் வெளியே நடமாடினாலே போதும்.

தரையில் படுப்பவர்கள் அவசியம் அறிய வேண்டியது கட்டுவிரியன் ஆபத்து. இரவில் இரை தேடி வீட்டுக்குள் வரும் இந்தப் பாம்பு, தூங்குபவர்களைக் கடிக்கிறது. பல நேரங்களில் வலியோ, வீக்கமோ இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை தானாகச் சரிவது, விழுங்க முடியாமல் போவது, பேச்சுக் குழறுவது போன்றவை தெரிந்தால், கடிவாய் தெரியாவிட்டாலும் உடனே 108-ஐ அழைத்து விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலானோர் கிராமத்தவர்கள்.

கட்டிலில் படுப்பது நல்லது. கட்டில் இல்லாதவர்கள் கொசுவலையைக் கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிட வேண்டும். கொசுவையும் தடுக்கும், பாம்பையும் தடுக்கும். மூடிய அறையில் கொசுவத்திப் புகையைச் சுவாசிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மார்கழி, தை: நல்ல தூக்கத்தின் பட்டம்

குளிர்ந்த இரவு தூக்கத்துக்கு ஏற்றது. ஆனால் விடியலில் எழுவதுதான் சிரமம். திருச்சிப் பக்கம் மே மாதக் கடைசியில் 5.50 வாக்கில் உதிக்கும் சூரியன், ஜனவரி கடைசியில் 6.40 வாக்கில்தான் உதிக்கிறது. பால் கறக்கும் நேரம் மட்டும் மாறுவதில்லை. கோடையில் எழுந்து ஒன்றே முக்கால் மணி நேரத்தில் விடிந்துவிடும். தை மாதத்தில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இருட்டிலேயே வேலை செய்ய வேண்டும். உடம்புக்கு அது இன்னும் நடுஇரவுதான். இந்த இரண்டு மாதங்களில் அரை மணி நேரம் முன்னதாகவே படுத்துவிடுவது ஒன்றே வழி.

நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் குளிருக்காகக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுக்கும் பழக்கம் உண்டு. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கரியடுப்பை வெளியே வைத்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும்.

தூங்காத கை, கருவியைத் தொட்டால்...

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவிகிதம் மது கலந்தவரின் அளவுக்குக் குறைந்துவிடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் நாட்டில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 0.03 சதவிகிதம்தான். அதாவது, காலை 4 மணிக்கு எழுந்து, இரவு 9 மணிக்கு டிராக்டரில் உட்காருபவர், குடிக்காமலே அந்த வரம்பைத் தாண்டிய நிலையில் இருக்கிறார்.

சுழலும் ரோட்டாவேட்டர், கதிரடிக்கும் இயந்திரம், தட்டை வெட்டும் இயந்திரம், ஈரக்கையோடு தொடும் மோட்டார் ஸ்டார்ட்டர் எதுவும் தூக்கக் கலக்கத்தை மன்னிக்காது. இரவெல்லாம் விழித்த மறுநாள் இந்த வேலைகளையும் பூச்சிக்கொல்லி தெளிப்பதையும் தள்ளிவைப்பதே புத்திசாலித்தனம். தெளித்த அன்று தலைவலி, அதிக வியர்வை, எச்சில் ஊறுவது, படபடப்பு ஆகியவற்றோடு தூக்கம் வரவில்லையென்றால், அது மருந்து உடம்பில் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம். காத்திருக்காமல் மருந்து டப்பாவோடு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எந்தப் பருவத்திலும் மாறக் கூடாதவை

* படுக்கும் நேரம் முன்பின் ஆனாலும், எழும் நேரத்தை முடிந்தவரை ஒன்றாக வைத்துக்கொள்வது.
* எழுந்ததும் வெளியே வந்து காலை வெளிச்சத்தில் நடமாடுவது.
* மதியம் 3 மணிக்குள் 20 முதல் 30 நிமிடம் மட்டும் கண்ணயர்வது. கோடையில் உச்சிவெயிலில் வேலை செய்வதைவிட இது பல மடங்கு நல்லது.
* மாலை 4 மணிக்குமேல் டீ, காபியைத் தவிர்ப்பது. குடித்த காபியின் ஊக்கப்பொருளில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும்.
* படுத்த பிறகு செல்போனைத் தொடாமல் இருப்பது.
* அசதிக்காகக் குடிப்பதை நிறுத்துவது. மது சீக்கிரம் தூங்கவைக்கும். ஆனால் பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் தேவை. பல வீடுகளில் கடைசியாகப் படுத்து முதலில் எழுவது பெண்கள்தான். அடுப்படி வேலையை இரவு 8 மணிக்குள் எல்லோரும் சேர்ந்து முடித்தால், வீட்டில் ஒருவருக்குத் தினமும் ஒரு மணி நேரத் தூக்கம் திரும்பக் கிடைக்கும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேள்வி: எங்கள் பகுதியில் நள்ளிரவு 12 மணிக்குத்தான் மும்முனை மின்சாரம் வருகிறது. தூக்கத்தை எப்படிச் சமாளிப்பது?

பதில்: இரண்டு துண்டாகத் தூங்கலாம். இரவு 8 மணிக்கே படுத்து 11.30 வரை ஒரு தூக்கம். தண்ணீர் கட்டிவிட்டு வந்து 6 மணி வரை ஒரு தூக்கம். நடுவில் டீ வேண்டாம். போகும்போது டார்ச் லைட், கம்பு, முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் அவசியம்.

கேள்வி: வெயில் காலத்தில் மட்டும் தூக்கம் வருவதில்லை. இது நோயா?

பதில்: இரவு குளிர்ந்ததும் சரியாகிவிட்டால் நோய் இல்லை. எந்தப் பருவமானாலும், வாரத்தில் 3 இரவுகள், தொடர்ந்து 3 மாதங்கள் தூக்கம் கெட்டு, பகல் வேலையும் பாதிக்கப்பட்டால் அது சிகிச்சை தேவைப்படும் தூக்கமின்மை. மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. சில மாத்திரைகள் பழக்கமாகிவிடும். முதியவர்கள் இரவில் தடுமாறி விழுந்து எலும்பு முறிவதற்கும் காரணமாகின்றன. நாள்பட்ட தூக்கமின்மைக்கு, பழக்கத்தையும் எண்ணத்தையும் திருத்தும் பயிற்சி முறையைத்தான் மருத்துவர்கள் முதலில் பரிந்துரைக்கிறார்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் பலமாகக் குறட்டை விடுகிறார். நடுவில் மூச்சு நின்று, பிறகு திணறி விழிக்கிறார். எத்தனை மணி நேரம் தூங்கினாலும் பகலில் அசதி. ஏன்?

பதில்: தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். ரத்த அழுத்தம், இதய நோய்களோடு தொடர்புடையது. காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடமோ, நுரையீரல் மருத்துவரிடமோ காட்டுங்கள். அதுவரை டிராக்டர் ஓட்டுவதில் கவனம் தேவை.

கேள்வி: விளைச்சல் போய் கடன் நிற்கிறது. தினமும் 3 மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமே இல்லை. மனம் எதிலும் ஒட்டவில்லை. என்ன செய்வது?

பதில்: இது பருவத்தால் வந்த தூக்கமின்மை அல்ல. மனச்சோர்வின் அடையாளமாக இருக்கலாம், சிகிச்சையால் சரியாகக்கூடியது. வீட்டில் நம்பிக்கையானவரிடம் மனம்விட்டுச் சொல்லுங்கள். 104 அல்லது 14416 எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமில்லாமல் அழைத்து, தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப்பார்த்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த நிமிடமே அழையுங்கள். வீட்டில் இருப்பவர்கள் அவரைத் தனியே விடாமல், பூச்சிக்கொல்லி டப்பாக்களை அவர் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டிவைக்க வேண்டும்.